கட்டுண்ட நாவும் காயமுற்ற உள்ளமும்

(பொன்விழா நவநாளின் ஐந்தாம் நாள் மாலை, தமிழ்த் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நவநாளின் இவ்வைந்தாம் நாளை நோயுற்றோருக்கென ஒதுக்கியிருக்கிறோம். நீரிழிவால் வாடுவோருக்காகவும், கட்டிலோடு கிடக்கும் முதியோருக்காகவும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போருக்காகவும் சற்றுமுன் மன்றாடினோம். ஆனால் எவருடைய மன்றாட்டிலும் இடம்பெறாத நோயாளர் சிலர் இவ்வாலயத்தின் வாங்குகளிலே நம்மோடு அமர்ந்திருக்கின்றனர். அவர்களைக் குறித்தே இன்று பேச விழைகிறோம்.

பொன்விழா மலருக்கெனப் பங்கின் பழைய பதிவேடுகளைப் புரட்ட நேர்ந்தது. 1983ஆம் ஆண்டுத் திருமுழுக்குப் பதிவேட்டில், யூலை நடுப்பகுதி வரை தமிழ்ப் பெயர்களும் சிங்களப் பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. அதன் பின் பல மாதங்களுக்கு ஒரு தமிழ்க் குழந்தையின் பெயரேனும் இல்லை. காரணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நம் எல்லாருக்கும் விளங்கும்.

அவ்வாண்டு யூலை 24 இரவு கொழும்பில் மூண்ட நெருப்பை நம்மில் முதியோர் கண்ணால் கண்டனர். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர். மாண்டவர் தொகையைச் சில நூறு என்பர் சிலர். 3,000 வரை என்பர் வேறு சிலர். இரத்மலானை விமான நிலையக் கொட்டகையும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் அகதி முகாம்களாயின. பல்லாயிரவர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். 1958இலும் 1977இலும் நிகழ்ந்தவற்றை அறிந்தவர்களுக்கு இது மூன்றாம் அடி. அதே இரவுகளில், தம் உயிரையும் பொருட்படுத்தாது தமிழ் அயலவரைத் தம் வீட்டு உள்ளறையில் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் இப்பங்கிலே உண்டு. அவர்களுக்கு நாம் பட்ட நன்றிக்கடன் தீராதது. 2004 யூலையில் அந்நாளைய சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அக்கொடுமைக்காக நாட்டு மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்.

விழாக் காலத்தில் இத்துயரக் கதை எதற்கு என்று சிலர் எண்ணலாம். யூபிலி என்னும் வழக்கம் லேவியர் ஆகமத்திலிருந்து வந்தது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி, அடிமைப்பட்டோரை விடுதலை செய்து, அவரவரை அவரவர் குடும்பத்திற்கு அனுப்ப வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆகவே, ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடும் பங்கு, தன்னிடத்தில் இன்னும் கட்டுண்டு கிடப்பவர் யார் என்று கேளாமலிருக்க இயலாது.

இப்பங்கிற்கு நாம் வந்த முதலாண்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. குருமனை விறாந்தையில் கேட்டது. அவருடைய மகளின் அனுமதியோடு, பெயரையும் அடையாளத்தையும் மறைத்துச் சொல்கிறோம்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர். தமிழர், ஆயினும் எப்போதும் சிங்களத் திருப்பலிக்கே வருவார். ஒரு நாள் மாலை வந்து, நெடுநேரம் மௌனமாக இருந்து, "யூலை மாதம் வந்தால் நித்திரை இல்லை, சுவாமி" என்றார். 1983இல் அவர் சென்ற பஸ்ஸை ஒரு கூட்டம் மறித்ததாம். ஆண்களை இறக்கி, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்களாம். அச்சொல்லின் முதலெழுத்தைத் தமிழ் நாவு சற்று வேறாக ஒலிக்கும். இவர் சரியாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றவர் சரியாகச் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவர் கூறியது.

நாம் என்ன செய்தோம் தெரியுமா? பகைவரை மன்னிக்க வேண்டும் என்று எடுத்துரைத்தோம். பழையதை மறந்து, ஒன்பது நாள் செபமாலை சொல்லும்படி கூறினோம். தலையில் கைவைத்து ஆசீர் அளித்தோம். "சரி, சுவாமி" என்று எழுந்து போனார். அதன் பின் அவர் அதைப் பற்றி நம்மிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் மாரடைப்பால் காலமானார். அடக்கத்தின் பின் அவர் மகள் வந்து, "அப்பா உங்களிட்ட ஏதாவது சொன்னவரா, சுவாமி? எங்களிட்ட ஒரு நாளும் வாய் திறக்கேல்லை" என்று கேட்டார்.

அவர் வாய் திறந்தார், மூடியவர்கள் நாம். நாம் சொன்னவற்றில் பொய் ஒன்றுமில்லை. மன்னிப்பு ஆண்டவரின் கட்டளை. செபமாலை நம் தாயின் கொடை. ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் போதித்தோம். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றோம், பேசக் கற்றோம். கேட்கக் கற்றது குறைவு.

நியாயாதிபதிகள் ஆகமம் 12ஆம் அதிகாரத்தில் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. யோர்தான் துறைகளைக் காவல் செய்தோர், தப்பியோட வந்தவரை 'ஷிபோலத்' என்று சொல்லக் கேட்டனர். எப்பிராயீமியரின் நாவில் அது 'சிபோலத்' என்றே வந்தது. அந்த ஓர் எழுத்தால் 42,000 பேர் மாண்டதாக அந்நூல் கூறுகிறது. தாய் தந்த மொழியே ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் கொடுமை அத்தனை பழையது.

பிரியமானவர்களே, இக்காயத்தின் தன்மையை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். மரத்திலிருந்து விழுந்தவன் மரத்துக்கு அஞ்சுவான். ஆனால் தன்னை வெறுக்கமாட்டான். ஒருவன் தான் செய்த எதற்காகவுமன்றி, பிறந்த இனத்துக்காகவும் பேசும் மொழிக்காகவும் அடிபடும்போது, அடி உடம்போடு நிற்பதில்லை. 'நான் நானாயிருப்பதே ஆபத்து' என்ற எண்ணம் உள்ளே குடிபுகுந்துவிடுகிறது. பஸ்ஸில் தமிழ் பேசும் பிள்ளையின் வாயைப் பொத்தும் தாய், வெளியே செல்லுமுன் பொட்டை அழிக்கும் பெண், ஆவணங்கள் நிறைந்த பையை இன்றும் கதவருகே வைத்திருக்கும் பாட்டி ஆகிய இவர்களை நாம் அறிவோம். பேரப்பிள்ளைகள் கலவரத்தைக் காணவில்லை. ஆனால் பொத்திய கையைக் கண்டிருக்கிறார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1940களில் அமெரிக்காவில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் அறிஞர் தம்பதியர், சிறு பிள்ளைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டனர். கறுப்பினப் பிள்ளைகளிற் பலர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என 1954இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இவ்வாய்வும் சுட்டப்பட்டது. வெளியிலிருந்து வந்த இகழ்ச்சி பிள்ளையின் உள்ளேயே இடம்பிடித்துவிடுகிறது என்பதற்கு அதுவே சான்று.

கொடிய அனுபவத்தின் பின் மாதக்கணக்காகத் தொடரும் துன்பத்திற்கு மருத்துவ உலகம் 1980இல் தனிப் பெயரிட்டு நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர் அதை மனவடு என்கின்றனர். அதன் அடையாளங்கள் எவை? நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோல் தோன்றும்; பயங்கரக் கனவு வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனிதரையும் விலக்கத் தோன்றும். பட்டாசு வெடித்தாலும் உடம்பு துள்ளும், நித்திரை குலையும், கோபம் பொங்கும், எவரையும் நம்ப இயலாது. நம் மக்கள் இவற்றை மனத்தின் நோவாகச் சொல்வது அரிது. தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு உளைவு என்றே வைத்தியரிடம் செல்வர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையுமே தாக்குகிறது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார்.

புதிய அடி பழைய புண்ணைத் திறப்பதும் உண்டு. 2019 ஏப்பிரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அதன் பின் நம் பங்கில் சிலர் வாசலருகே தவிர வேறெங்கும் அமர்வதில்லை. அவர்களுட் சிலருக்கு அன்று திறந்தது 1983இன் புண். நம் காயத்தைச் சொல்கையில் பிறர் காயத்தையும் மறக்கலாகாது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களும், 2019 மே மாதத்தில் செய்யாத குற்றத்திற்காக வீடும் கடையும் இழந்த முஸ்லிம் குடும்பங்களும் இதே நோவை அறிவர்.

இப்பொழுது நற்செய்திக்கு வருவோம். மாற்கு ஏழாம் அதிகாரத்தின் இறுதியில், தெக்கப்போலி நாட்டில் ஆண்டவர் செவிடும் திக்குவாயுமான ஒருவரைக் குணமாக்குகிறார். அது யூதரும் புறவினத்தாரும் கலந்து வாழ்ந்த நாடு. அங்கே நடந்ததை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். அவர் தாமாக வரவில்லை. சிலர் அழைத்து வந்தனர். ஆண்டவர் அவரைக் கூட்டத்தினின்று விலக்கித் தனியே கொண்டுபோகிறார். காதையும் நாவையும், அதாவது நோவுள்ள இடத்தையே தொடுகிறார். வானத்தை நோக்கிப் பெருமூச்சு விடுகிறார்; அம்மனிதரின் துன்பம் அவருடைய நெஞ்சையே தொட்டுவிட்டது. பின்னர், 'எப்பத்தா' என்று மக்கள் பேசிய அரமேய மொழியிலேயே கூறுகிறார். நாவின் கட்டு அவிழ்கிறது. இறுதியாக, இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்கிறார். திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு நாம் செய்யும் 'எப்பத்தா' சடங்கு இதிலிருந்தே பிறந்தது.

உள்ளத்தின் காயத்திற்கு உதவ வல்லவர் எப்படியிருக்க வேண்டும் என்று கேட்போருக்கு, இந்த நிகழ்ச்சியே நாம் தரும் விடை. தனிமை தருபவர், நோவுள்ள இடத்தைத் தொட அஞ்சாதவர், இரக்கமுள்ளவர், நம் மொழியில் நம்மை எட்டுபவர், இரகசியம் காப்பவர். நாவைக் கட்டிய காயம் இது. எவர் முன்னிலையில் அந்த நா மெல்ல மெல்ல அவிழ்கிறதோ, அவரே நமக்கேற்ற துணையாளர்.

'கோவில் இருக்க, வைத்தியர் எதற்கு?' என்று கேட்போர் உளர். சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்கும்படியும், செபித்துவிட்டு அவருக்கும் இடம் கொடுக்கும்படியும் கற்பிக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 62ஆம் பிரிவு, ஆன்மப் பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டும் என்கிறது. நித்திரை வராமை பாவமன்று. பயந்து விழிப்பது விசுவாசக் குறைவன்று. பாவசங்கீர்த்தனம் பாவத்திற்கு மருந்து. ஒருவருக்கு மற்றவர் செய்த கொடுமைக்கு அவர் ஏன் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும்? மன்னிப்பு ஒரு நாள் மலரலாம். ஆனால், புண்ணைக் கழுவுமுன் தையல் போட எந்த வைத்தியரும் துணியார். உயிர்த்த ஆண்டவரின் திருமேனியிலும் காயங்கள் இருந்தன. அவர் அவற்றை மறைக்கவில்லை, தோமையாருக்குக் காட்டினார்.

இன்னொரு தடை வெட்கம். 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்' என்று கொழும்பில் ஏளனம் செய்து பழகிவிட்டோம். அந்த அங்கொடை ஆஸ்பத்திரி இன்று தேசிய உளநல நிறுவனமாக இயங்குகிறது. காலொடிந்தவனைக் கண்டு நகையாத நாம், மனம் ஒடிந்தவரைக் கண்டு நகைப்பதேன்?

சரி, எங்கே தேடுவது? எவரைத் தேடுவது? தெளிவாகச் சொல்ல முயல்கிறோம்.

முதலாவது, மூவகை உதவியாளர் உளர் என்பதை அறியுங்கள். மனநல வைத்தியர் மருத்துவம் கற்றவர். தேவையாயின் மருந்து தருவார். உளவியலாளர் மனத்தின் இயக்கத்தை ஆராய்ந்து, பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்வார். உளவளத்துணையாளர் செவிமடுத்து வழித்துணையாக நிற்பார். யாரிடம் போவதென்று தெரியாவிடின், குடும்ப வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்குகளில் கட்டணமில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் உளர். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திற்கு இரவும் பகலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ நிலையத்தின் தொண்டர்கள் மனம் நொந்தோருக்குச் செவிகொடுக்கின்றனர். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிட்டால் நாள் பார்க்க வேண்டாம். அவரைத் தனியே விடாது, அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, மொழி. எந்த மொழிக்காக அடிபட்டோமோ, அந்த மொழியில் அழ இடம் வேண்டும். தமிழில் பேசக்கூடிய உதவியாளரைக் கேட்பது நம் உரிமை; கேட்பதற்குக் கூசவேண்டாம். அத்தகையோர் கொழும்பில் போதிய அளவு இல்லை என்பதும் உண்மை. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், வயதுவந்த, பொறுப்புள்ள ஒருவராக இருக்கட்டும். பிள்ளைகளை ஒருபோதும் அவ்வேலைக்கு அழைத்துப் போகாதீர்கள். தாயின் பயங்கரத்தைப் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது, அடுத்த தலைமுறைக்கும் அதே சுமையை ஏற்றுவதாகும்.

மூன்றாவது, முதற் சந்திப்பிலேயே நால்வகைக் கேள்விகள் கேளுங்கள். நாம் சொல்வது இரகசியமாயிருக்குமா? உயிராபத்துப் போன்ற எந்த நிலையில் மட்டும் அதைப் பிறரிடம் சொல்ல நேரும்? நீங்கள் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள்? கலவரத்தாலோ போராலோ பாதிக்கப்பட்டவர்களோடு பணியாற்றியிருக்கிறீர்களா? எந்த முறையில், ஏறத்தாழ எத்தனை தடவை சந்திப்போம்? நல்லவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளமாட்டார். மகிழ்ந்து விடை கூறுவார்.

நான்காவது, எவரிடமிருந்து விலகுவது? 'அதெல்லாம் பழைய கதை, மறந்துவிடுங்கள்' என்று தொடக்கத்திலேயே முடிப்பவர், இரு பக்கத்துத் தவறுகளையும் கணக்கிட்டு உங்களோடு அரசியல் வாதம் செய்பவர், ஒரே நாளில் குணமாக்குவதாக வாக்களிப்பவர், வேறொருவரின் கதையை உங்களிடம் சொல்பவர், கண்ணியம் மீறுபவர். இத்தகையோரிடம் இரண்டாம் முறை செல்ல வேண்டியதில்லை. அதேபோல், முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கொட்டும்படி வற்புறுத்துபவரும் நல்ல துணையாளர் அல்லர். புண் மூடியிருப்பதும் ஒரு காவலே. அதை எப்போது, எவ்வளவு திறப்பது என்பது காயம்பட்டவரின் கையில் இருக்க வேண்டும்.

நல்ல சிகிச்சை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லவைக்கும் ஒரு முறையை உருவாக்கினர். 2004 சுனாமியின் பின், போரையும் கடற்கோளையும் கண்ட நம் வடகிழக்குத் தமிழ்ச் சிறுவர்களுக்கும் அது பயன்பட்டது. தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைப்பார்கள்; அதுவே வாழ்க்கை. இன்பம் நிகழ்ந்த இடத்தில் ஒரு பூவும், கொடுமை நிகழ்ந்த இடத்தில் ஒரு கல்லும் வைப்பார்கள். பின்பு, பிறப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கல்லருகிலும் பொறுமையாக நின்று, கதையைச் சொல்லச் சொல்வார்கள். கல் மறைந்துவிடாது. ஆனால், அது வாழ்க்கை முழுவதும் பரவிய பாறையன்று, அதற்கு முன்னும் பின்னும் பூக்கள் இருந்தன என்பதை அம்மனிதர் கண்ணால் காண்கிறார். செபமாலையில் துக்கத் தேவ இரகசியங்களின் முன்னும் பின்னும் வேறு தேவ இரகசியங்கள் உண்டு என்பதை அறிந்த நமக்கு இது விளங்காததன்று.

சிங்கள உதவியாளர் ஒருவர் தமிழரின் காயத்தைக் குணமாக்க முடியுமா என்று நம்மிடம் கேட்போர் உளர். இக்கேள்வி நியாயமானது, அதை இனத்துவேஷம் என்று தள்ளக்கூடாது. அடித்தவரின் மொழியைக் கேட்டாலே நடுங்குபவர், முதலில் தம்மவரிடம் செல்வதே தகும். ஆனால் தம்மவர் என்பதனாலேயே எவரும் கேட்கத் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். அந்த எழுதுவினைஞரின் மொழியே நம் மொழி. நம்மால் கேட்க இயலவில்லையே!

இதைப் பற்றி இப்பங்கின் தாய் ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்ல அனுமதித்திருக்கிறார். 1983இல் அவர் சிறுமி. எரியும் வீட்டின் பின்மதிலால் தூக்கிப் போடப்பட்டவர். 2019இன் பின் அவருக்கு நித்திரை போயிற்று. முதலில் சென்ற இடத்தில் ஐந்து நிமிடத்தில் மருந்துச் சீட்டு எழுதி அனுப்பினர். இரண்டாவதாகச் சந்தித்தவர் தமிழர். அவரோ, "அதைவிடப் பெரிய இழப்பு வன்னியில் நடந்தது, அம்மா" என்றாராம். யாருடைய துன்பம் பெரிது என்று நிறுத்துப் பார்ப்பதற்காகவா அவர் அங்கே போனார்? மூன்றாவதாகக் கிடைத்தவர் ஓர் இளம் சிங்களப் பெண். தட்டுத்தடுமாறிய தமிழில், "அந்த நாள்களைப் பற்றி எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரியாததை நீங்கள் சொல்வீர்களா?" என்று கேட்டாராம். நம் தாய் அன்று ஒன்றும் சொல்லவில்லை, அழுதார். அடுத்த வாரமும் போனார். ஓராண்டுக்கு மேல் போய்வந்தார்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்டோம். "இல்லை, சுவாமி. யூலை மாதம் இன்னும் கஷ்டந்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "போன கிழமை பேத்தி பஸ்ஸிலை சத்தமாய்த் தமிழ்ப் பாட்டுப் பாடினவள். நான் அவளின்ர வாயைப் பொத்தேல்லை" என்றார்.

பிரியமானவர்களே, 'எப்பத்தா' என்ற சொல்லின் பலனை நாம் அப்போது கண்ணாரக் கண்டோம். அந்தத் தாய் முதலாம் இடத்தோடு நின்றிருந்தால்? இரண்டாம் இடத்தோடு, 'இனி ஒருவரிடமும் போகேன்' என்று வீட்டிலிருந்திருந்தால்? ஆகவே, ஒருவர் பொருந்தாவிட்டால் இன்னொருவரைத் தேடுங்கள். மூன்று சந்திப்புகள் வரை பொறுத்துப் பாருங்கள். நாவின் கட்டு சிறிதும் தளரவில்லையேல், நன்றி கூறி விடைபெறுங்கள். செருப்புப் பொருந்தாவிட்டால் காலை வெட்டுவோமா? வேறு செருப்பைத் தேடுகிறோம் அல்லவா?

இறுதியாக, அந்தச் செவிடரை ஆண்டவரிடம் அழைத்து வந்தவர்களை நினையுங்கள். நற்செய்தியாளர் அவர்கள் பெயரைக் கூடக் குறிக்கவில்லை. அவர்களுடைய வேலையே நம் பங்கின் வேலை. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குச் செல்பவரோடு பஸ்ஸில் துணைக்குச் செல்லுங்கள். வரிசையில் பக்கத்தில் இருங்கள். 'உள்ளே என்ன கேட்டார்கள்?' என்று துருவாதீர்கள். கிணற்றடியில் அதைப் பேச்சாக்காதீர்கள். அன்பியக் கூட்டத்தில் அவர் வாய் திறந்தால், புத்தி சொல்ல விரையாமல் கேட்டிருங்கள். யூலை மாதத்தில் உங்கள் அயலவர் ஒருவர் முகம் வாடினால், ஒரு கோப்பைத் தேநீரோடு படலையைத் தட்டுங்கள்.

நாமும் ஒன்று செய்யத் துணிந்திருக்கிறோம். பொன்விழா நினைவாகக் குருமனையின் பின்புறத்துச் சிறு அறையைத் துப்புரவு செய்து, இரண்டு கதிரைகளையும் ஒரு மேசையையும் வைக்கப் பங்குப் பேரவை இசைந்திருக்கிறது. அவ்வறைக்குப் பக்கவாசல் உண்டு. வருபவரை முற்றத்தில் நிற்பவர் காணார். பயிற்சி பெற்ற, தமிழ் தெரிந்த உளவளத்துணையாளர் ஒருவர் மாதத்தில் இரு நாளாவது அங்கே வந்திருக்க ஏற்பாடு செய்ய முயல்கிறோம். அவரை முதலில் சந்திக்கப்போவது நாமே. இந்நால்வகைக் கேள்விகளையும் அவரிடம் நாமே கேட்போம். ஏனெனில், அந்த எழுதுவினைஞரின் சுமை நம் தோளில் இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்க இனி வாய்ப்பில்லை. அவருடைய மகளிடம் கேட்டோம்.

கோபுரமும் மணியும் இந்த ஐம்பது ஆண்டுகளின் நினைவாய் நிற்கும். ஆனால், அடுத்த ஐம்பதாம் ஆண்டில் பதிவேட்டைப் புரட்டும் குருவானவர், பெயர்கள் இல்லாத பக்கத்தைக் கண்டு திகைக்காமல், தம் மொழியில் அச்சமின்றிச் செபிக்கும் பிள்ளைகளின் பெயர்களை அங்கே காணட்டும். தம் தாயின் துயரத்தைக் கண்டும் தம் காயங்களைக் காட்டியும் நம்மை மீட்ட ஆண்டவர், இவ்வாலயத்தில் மௌனமாய் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துத் தொடுவாராக. வியாகுல மாதா அவர்களுக்குத் துணைநிற்பாராக. தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே, ஆமென்.